ட்ரூப்பர் கவசம் உடம்பில் உட்காரவில்லையா? வெட்டும் முன் அறிகுறியைப் பாருங்கள்

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் வெள்ளை ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசத்தைக் கிட்டாக வாங்கினால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய வளைந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகடுகள் வந்து சேரும். வேக்குவம் அச்சில் இழுத்த தகடு என்பதால் சுற்றிலும் உபரி ஓரம் இருக்கும். சில கிட்களில் வெட்டுக்கோடு லேசாகத் தெரியும். பலவற்றில் தெரியாது. தகட்டின் தடிமன் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 மி.மீ. வரை.

இந்தக் கிட்டைக் கட்டத் தொடங்கிப் பாதியில் மாட்டிக்கொண்டு உதவி கேட்பவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகள் இவை. அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும். முதல் படியைப் பார்க்காமல் கடைசிப் படிக்குத் தாவாதீர்கள். வாரை ஒரு அங்குலம் இறுக்கினால் தீர்ந்திருக்கும் கோளாறுக்குத் தகட்டை வெட்டிவிட்டு வந்து நிற்பவர்கள்தான் அதிகம்.

எந்தச் சோதனைக்கும் முன் மூன்று விஷயம். உள்ளே போடப்போகும் கறுப்பு உடையையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டுதான் அளவு பாருங்கள். லுங்கியோடு நின்று தொடைத் தகட்டை அளப்பதில் பலன் இல்லை. இரண்டாவது, ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் போட்டுச் சேர்த்து, உடம்பில் மாட்டி, நடந்து பாருங்கள். மூன்றாவது, வெட்டி எடுத்த துண்டு ஒன்றைக்கூடக் குப்பையில் போடாதீர்கள். மூட்டுப் பட்டை, ஒட்டுத்துண்டு, விரிசல் அடைக்கும் கலவை எல்லாம் அதிலிருந்துதான் வரும். அதே வெள்ளை நிறத்தில் வேறு தகடு கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

501வது லீஜன் போன்ற ரசிகர் அமைப்பில் சேரும் எண்ணம் இருந்தால், கத்தியைத் தொடுவதற்கு முன்பே அவர்கள் அந்த உடைக்கு வைத்திருக்கும் விவரப்பட்டியலைப் படித்துவிடுங்கள். எந்த ஓரம் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று அதில் இருக்கும்.

## அறிகுறி 1: வெட்டும்போது விரிசல் ஓடுகிறது, கோடு தடம் மாறுகிறது

பிளேடு மழுங்கிவிட்டதா? இதுதான் முதல் சந்தேகம். ஏபிஎஸ் பிளேடைச் சீக்கிரம் தின்றுவிடும். கட்டர் கத்தியின் நுனியில் ஒரு துண்டை உடைத்துவிட்டுப் புது முனையில் மீண்டும் கீறிப் பாருங்கள். பிளேடு தானாக இழைந்து போனால் கோளாறு இதுதான்.

ஒரே இழுப்பில் ஆழமாக வெட்டுகிறீர்களா? தகட்டைக் கத்தியால் துளைக்க வேண்டியதே இல்லை. ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒரே கோட்டில் நான்கைந்து முறை லேசாகக் கீறுங்கள். அப்புறம் உபரிப் பகுதியை முன்னும் பின்னும் மெதுவாக வளைத்தால் கோட்டிலேயே உடைந்து வந்துவிடும். முதல் கீறலுக்கு மட்டும் அழுத்தமே வேண்டாம். அது தடம் போடுவதற்கு.

வளைவான இடமா? கீறி உடைப்பது நேர்க்கோட்டுக்கு மட்டும். வளைவுக்கு லெக்ஸான் கத்தரிக்கோல் வேண்டும். ரிமோட் கார் ஆடுபவர்கள் கார் மேல்மூடியை வெட்டும் குட்டையான, வளைந்த முனைக் கத்தரி அது. இதைக் கடைசி வரை வாங்காமல் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. முதல் நாளே வாங்குங்கள். வெட்டும்போது கத்தரியை முழுக்க மூடாதீர்கள், மூடும் இடத்தில் சின்னச் சின்ன வெடிப்பு விழும்.

உள்மூலையா? இரண்டு கோடுகள் சந்திக்கும் உள்மூலையில்தான் விரிசல் பிறக்கும். அங்கே முதலில் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தத் துளை வரை வெட்டுங்கள்.

சுழல் கருவி பயன்படுத்தினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்கிறதா? வேகம் அதிகம். குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். தூள் பறக்கும், முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள்.

விரிசல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உபரி ஓரத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் கவலையில்லை, எப்படியும் வெட்டி எடுக்கும் பகுதிதான். தேவையான பகுதிக்குள் நுழைந்துவிட்டால் அங்கேயே வேலையை நிறுத்திவிட்டு அறிகுறி 8-க்குப் போங்கள்.

ஹெல்மெட்டின் கண்ணும் பல்வரிசையும் மட்டும் விதிவிலக்கு. அங்கே சின்ன அரம்தான் ஆயுதம், பொறுமைதான் மீதி. கை நடுங்குகிறது என்று தோன்றினால், மாடல் கட்டிப் பழகிய யாரையாவது பிடித்து அந்த இரண்டு இடத்தை மட்டும் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: இரண்டு பாதியும் சேர மறுக்கின்றன

முன்கை, மேல்கை, தொடை, கெண்டைக்கால் எல்லாம் உள்பாதி, வெளிப்பாதி என்று இரண்டாக வரும். சேர்த்துப் பிடித்தால் ஒரு முனையில் இடைவெளி, மறுமுனையில் ஏற்றம், அல்லது முழுக் குழாயும் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

ஜோடி மாறியிருக்கிறதா? காசு செலவில்லாத காரணம், அடிக்கடி இருக்கும் காரணமும் இதுதான். இடக்கால் பாதியை வலக்கால் பாதியோடு சேர்க்கப் பார்த்திருப்பீர்கள். கெண்டைக்காலில் சதை புடைப்பு வெளிப்பக்கம் பார்க்கும். தொடையின் மேல் ஓரம் வெளிப்பக்கம் உயரமாகவும் கவட்டைப் பக்கம் தாழ்வாகவும் இருக்கும். வைரம் போன்ற முட்டி மேல்தகடு இடக்காலுக்கு, சிறு பெட்டிகள் வரிசையாக உள்ள பட்டை வலத்தொடையின் அடிக்கு. சரியான ஜோடியைக் கண்டுபிடித்ததும் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள்.

முனையில் உள்மடிப்பு மோதுகிறதா? தகட்டின் ஓரம் உள்ளே மடங்கும் அந்தச் சிறு விளிம்பு இரண்டு பாதியிலும் இருந்தால் ஒன்றோடொன்று முட்டி நடுவில் இடைவெளி விடும். மூட்டு வரும் இடத்தில் மட்டும் மடிப்பை வெட்டி எடுங்கள்.

நீளம் பொருந்தவில்லையா? அச்சில் வந்த இரண்டு பாதியும் துல்லியமாக ஒரே நீளம் இருக்காது, இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. வெளியே தெரியும் முனையைச் சமமாக வைத்து ஒட்டுங்கள். முன்கையில் மணிக்கட்டு, தொடையில் முட்டிக்கு மேலே வரும் மேடு. மிச்ச வித்தியாசத்தை மறுமுனைக்குத் தள்ளி அங்கே வெட்டிச் சமன் செய்யுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் அதிகம் வெட்டிவிட்டீர்களா? மூட்டின் மேல் ஒட்டும் பட்டைக்கு இந்தக் கவசம் கட்டுபவர்களிடையே புழங்கும் அகலம்: கைக்கு 15 மி.மீ., காலின் முன்பக்கம் 20 மி.மீ., காலின் பின்பக்கம் 25 மி.மீ. அப்படியானால் காலின் முன்பக்கம் ஒவ்வொரு பாதியிலும் மேட்டிலிருந்து 10 மி.மீ. தட்டைப்பகுதி மிஞ்ச வேண்டும். ஒன்றில் 6, மற்றதில் 14 என்று வெட்டினால் மூட்டு நேராக ஓடாது. குறைந்த பக்கத்துக்கு ஒட்டுத்துண்டு வைக்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் கையை விட்டதும் விலகி நிற்கிறதா? தகட்டின் வளைவே போதவில்லை. அகலமான பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் எடுத்து, அந்த ஓரத்தை அரை நிமிடம் போல முக்கி, கையுறை போட்டு வளைத்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். வளைவு நின்றுவிடும். ஏபிஎஸ் இளகும் வெப்பம் ஏறத்தாழ 105 டிகிரி என்பதால் தண்ணீரில் அது உருகிவிடும் என்ற பயம் வேண்டாம். ஹீட் கன் வேறு கதை. பழகாத கையில் இரண்டு வினாடி தவறினால் தகடு சுருங்கிக் குமிழ் விட்டுவிடும், அதற்கு மருந்து கிடையாது. அதனால் உபரித் துண்டில் பழகாமல் ஹீட் கன்னைத் தொடவே வேண்டாம். பசையை நம்பி இழுத்து ஒட்டவும் வேண்டாம். அந்த இழுவிசை பிறகு அறிகுறி 6 ஆகத் திரும்பி வரும்.

இத்தனையும் செய்தும் சேரவில்லை என்றால் அச்சிலேயே கோணல் வந்த பாகமாக இருக்கலாம். வெட்டாத நிலையில் படம் எடுத்துக் கிட் செய்தவருக்கு அனுப்புங்கள். வெட்டிய பிறகு கேட்டால் மாற்றித் தருவது அவர்கள் விருப்பம்தான்.

## அறிகுறி 3: குழாய் பெரிது, மாட்டினால் சுற்றுகிறது

முதலில் வெட்டாதீர்கள். பெரிய குழாயைச் சிறிதாக்க எப்போது வேண்டுமானாலும் முடியும்.

மேல்கை சுற்றுகிறது என்றால் தோள் கிண்ணத்தோடு எலாஸ்டிக்கால் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பாதிப்பேர் கட்டாமலே மாட்டிப் பார்த்துவிட்டு ‘பெரிசா இருக்கு’ என்கிறார்கள். தொடை சுற்றினால் அதைத் தாங்கும் வார் ஒரே புள்ளியில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு தாங்கல் கொடுத்தால் சுற்றுவது நிற்கும்.

அதிலும் நிற்கவில்லையென்றால் உள்ளே ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டுங்கள். யோகா விரிப்பை வெட்டிப் போட்டாலும் போதும்.

அதற்கும் மேலேதான் கத்தி. முன்பக்கத்து மூட்டைத் தொடாதீர்கள், பட்டை அளவு கெட்டுப்போகும். குறைக்க வேண்டியது பின்பக்க மூட்டில். டேப் போட்டு மாட்டி, தசையை முறுக்கி, முன்கையில் முழங்கைப் பக்கம் ஒரு விரல், தொடையின் மேற்பகுதியில் இரண்டு விரல் நுழையும்படி விட்டுக் குறியுங்கள். இரண்டு பாதியிலும் சமமாக, ஒரு நேரத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் எடுக்காமல், ஒவ்வொரு முறையும் மாட்டிப் பார்த்துக் குறையுங்கள்.

## அறிகுறி 4: இறுக்கம், மூடவே மறுக்கிறது

உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்? தடித்த பருத்தி பேன்ட் என்றால் அதுவே ஒரு அளவைத் தின்றுவிடும். உடம்போடு ஒட்டும் கறுப்பு விளையாட்டு உடைக்கு மாறிப் பாருங்கள். சென்னை மாதிரி ஊரில் வியர்வைக்கும் அதுதான் சரி.

அடுத்து உள்மடிப்பு. மணிக்கட்டு வழியாகக் கை நுழையவில்லை என்றால் அங்கே உள்ள மடிப்பை முழுவதும் எடுத்துவிடலாம். முன்கையின் முழங்கைப் பக்கம், தொடையின் மேல் வாய், இங்கெல்லாம் மடிப்பைக் குறைத்தாலே அரை அங்குலம் இடம் கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது, பின்பக்க மூட்டை முட்டவைக்காமல் சற்று விலக்கி வைத்து, மேலே ஒட்டும் பட்டையை அதற்கேற்ப அகலமாக வெட்டுவது. 5, 6 மி.மீ. விலகல் வரை இது தாங்கும், பார்ப்பவர் கண்ணுக்கும் தெரியாது.

அதற்கு மேல் இடம் வேண்டுமானால் ஒட்டுத்துண்டுதான். உபரித் தகட்டிலிருந்து தேவையான அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி இடைவெளியில் வையுங்கள். உள்பக்கம் முழுநீளத்துக்கும் அகலப் பட்டை ஒட்டிப் பிடிமானம் கொடுங்கள், வெளியே மூடுபட்டை மறைத்துவிடும். வயிறு பெரியவர்களுக்கு வயிற்றுத் தகடும் இடுப்புப் பின்தகடும் சந்திக்கும் பக்கவாட்டில் இந்தத் துண்டு கட்டாயம் தேவைப்படும். அங்கே மூடுபட்டை கிடையாது என்பதால் கோடு தெரியும். ஏபிஎஸ் கலவை (செய்முறை அறிகுறி 8-ல்) பூசி உப்புத்தாள் போட்டுச் சமன் செய்ய வேண்டிய இடம் அதுதான். மெருகேற்றிப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருவது சுலபமில்லை. கார் பம்பர் பழுதுபார்த்து பாலிஷ் போடும் பட்டறையில் கொடுப்பது நியாயமான செலவு.

ஒரு எச்சரிக்கை: இறுக்கமாக மாட்டியபோது தகட்டில் வெண்மையான கோடுகள் தோன்றினால் உடனே கழற்றுங்கள். உடைவதற்கு முந்தைய நிலை அது. ஒட்டுத்துண்டு ஒரு பக்கம் 4 செ.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் நிறுத்திவிட்டு, கிட் செய்தவரிடம் பெரிய அளவுப் பாகம் உண்டா என்று கேளுங்கள்.

## அறிகுறி 5: நின்றால் சரி, நடந்தால் கடிக்கிறது

கவசம் கட்டும் எல்லோரும் வந்து சேரும் இடம் இது. முட்டியின் பின்மடிப்பு, கவட்டை, முழங்கை உள்மடிப்பு, அக்குள். ஏதோ ஒரு ஓரம் சதையைக் கவ்வுகிறது, ஆனால் எந்த ஓரம் என்று மாட்டியிருக்கும்போது தெரிவதில்லை. ஊகித்து வெட்டினால் தப்பான ஓரம் போய்விடும், வலி அப்படியே இருக்கும்.

எந்த ஓரம் என்று கண்டுபிடியுங்கள். சந்தேகப்படும் ஓரங்களில் எல்லாம் சாக்பீஸைத் தடவுங்கள். கறுப்பு உடையோடு மாட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி நடந்து, இரண்டு படி ஏறி இறங்கி, கழற்றிப் பாருங்கள். உடையில் வெள்ளைக் கோடு எங்கே விழுந்திருக்கிறதோ அதுதான் கடிக்கும் ஓரம். கோடு அழுத்தமாக இருந்தால் தகடு அங்கே குத்துகிறது. பரவலான தீற்றல் என்றால் உரசல் மட்டும்.

தீற்றல் மட்டும் என்றால் ஓரத்தை மழுக்கினால் போதும். கத்தி முனையால் ஓரத்தைச் சுரண்டிக் கூர்மையை எடுத்து, 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600 என்று போங்கள். விரலை ஓட்டினால் வழுக்க வேண்டும்.

முட்டிக்குப் பின்னால் அழுத்தமான கோடா? முதலில் தொடையை அரை அங்குலம் மேலே தூக்கிக் கட்டிப் பாருங்கள். வாரின் நீளம்தான் பிரச்சினை என்றால் இங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் கோடு விழுந்தது தொடையின் அடி ஓரமா, கெண்டைக்காலின் மேல் ஓரமா என்று பிரித்துப் பாருங்கள். தொடை என்றால் பின்பக்கம் மட்டும் உள்மடிப்பை எடுத்து, மேல்நோக்கி லேசான பிறை வடிவில் குறையுங்கள். கெண்டைக்கால் என்றால் அதன் மேல் ஓரத்தின் பின்பக்கம் இதேபோல் கீழ்நோக்கி. முன்பக்கத்தைத் தொட வேண்டாம். ஒரு முறைக்கு 5 மி.மீ. போதும், அப்புறம் மறுபடி சாக்பீஸ்.

கவட்டையில் என்றால் தொடையின் உள்பக்க மேல்ஓரம் உயரமாக நிற்கிறது, அல்லது தொடையே மேலே ஏறியிருக்கிறது. முட்டிக்காகத் தூக்கிக் கட்டினால் கவட்டை கடிக்கும், கவட்டைக்காக இறக்கினால் முட்டி கடிக்கும். உயரம் குறைவானவர்களுக்கு இது தப்பாது. அவர்களுக்கு வார் மட்டும் போதாது, மேல் ஓரத்தில் வெட்டுவதுதான் வழி. சாக்பீஸ் காட்டிய அளவுக்கு உள்பக்கத்தைத் தாழ்த்துங்கள், வெளிப்பக்க உயரத்தை அப்படியே விடுங்கள். வயிற்றுத் தகட்டின் கீழ்நுனியும் இங்கே வந்து முட்டும். அதன் அகலத்தைக் குறைப்பதற்கு முன் விவரப்பட்டியலைப் பாருங்கள்.

முழங்கையில் என்றால் கையை மடக்கும்போது முன்கையின் மேல்வாயும் மேல்கையின் அடிவாயும் இடித்துக்கொள்கின்றன. மேல்கையைத் தோளோடு பிணைக்கும் எலாஸ்டிக்கைச் சுருக்கி மேலே தூக்குங்கள். அப்படியும் கவ்வினால் உள்மடிப்புப் பக்கம் மட்டும் பிறை வெட்டு.

அக்குளில் என்றால் மார்புத் தகட்டின் பக்க ஓரம். பல பேருக்கு இங்கே கோடு விழுவதற்குக் காரணம் தகடு பெரிது என்பதல்ல, தோள்வார் நீளம் சரியில்லாமல் மார்புத் தகடு இடம் மாறியிருப்பது. வாரைச் சரிசெய்த பிறகே வெட்டுங்கள்.

உட்கார முடியவில்லை என்பதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கவசத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாது. உயரமான ஸ்டூலில் நுனியில் ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதைச் சாதிக்க வேண்டும் என்று தொடையை வெட்டிக்கொண்டே போனால் நின்று பார்க்கும்போது கறுப்பு உடைதான் தெரியும், கவசம் தெரியாது.

தோல் சிவந்து ஒரு மணி நேரம் கழித்தும் மரத்துப்போன உணர்வு இருந்தால் தகடு நரம்பை அழுத்துகிறது. அந்தப் பாகத்தைத் திருத்தும் வரை மாட்டாதீர்கள். உணர்வு திரும்பவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி 6: ஒட்டியது விட்டுப்போகிறது

விட்டுப்போன இடத்தைத் துடைக்காமல் அப்படியே பாருங்கள். காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

பசை முழுவதும் ஒரே பக்கம் தங்கி, மறுபக்கம் வழுவழுவென்று சுத்தமாக இருக்கிறதா? அந்தப் பக்கத்தைச் சொரசொரப்பாக்கவில்லை. இரண்டு பரப்பையும் 120 அல்லது 150 உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள். துடைக்க அசிட்டோன் வேண்டாம், தகட்டையே கரைக்கும்.

இரண்டு பக்கமும் பசை, இழுத்தால் நூல் நூலாக வருகிறதா? காயவில்லை. இந்த வேலைக்கு நான் சொல்லும் இ6000 என்ற பசை முழு வலுவுக்கு வர 24 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். காற்றுப் புகாத இரண்டு பிளாஸ்டிக் பரப்புக்கு நடுவில் தடிமனாகப் பூசியிருந்தால் இன்னும் அதிகம். மெல்லிய படலமாக இரண்டு பக்கமும் பூசி, சில நிமிடம் விட்டு, அப்புறம் அழுத்துங்கள். ஒரு குழாயின் ஒரு மூட்டு, ஒரு நாள் என்று போங்கள். இதன் ஆவி நல்லதில்லை, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நடுவில் பிடித்து, ஓரங்களில் மட்டும் விட்டிருக்கிறதா? கிளாம்ப் போதவில்லை. குழாய்க்குள் கிளாம்ப் எட்டாத இடத்தில் உள்ளே ஒரு நியோடிமியம் காந்தம், வெளியே ஒன்று வைத்தால் கச்சிதமாகப் பிடிக்கும். காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் மாஸ்கிங் டேப் வையுங்கள், இல்லையென்றால் காந்தத்தையும் சேர்த்து ஒட்டிவிடுவீர்கள்.

கடகடவென்று கண்ணாடி மாதிரி உடைந்திருக்கிறதா? ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை போட்டிருப்பீர்கள். அது வளையாது. நடக்கும்போது தகடு வளையும், பசை உடையும். பக்கத்தில் வெண்புகை படிந்தது போல ஒரு கறையையும் விட்டுவிடும். இ6000-ன் பெரிய வசதி, தப்பாக ஒட்டினாலும் பொறுமையாக இழுத்துப் பிரித்து மீண்டும் ஒட்டலாம் என்பது. புதிதாகக் கட்டுபவருக்கு வேறு எதையும் நான் சொல்வதில்லை. மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் பி7000 சிறு பாகங்களுக்குப் பரவாயில்லை, தொடை மூட்டுக்கு நான் நம்புவதில்லை.

சுத்தமாகத் தேய்த்து, மூன்று நாள் காயவிட்டும் அதே இடம் மறுபடி விட்டதா? பசை மேல் பழி போடாதீர்கள். தகடு விலகப் பார்க்கிறது. அறிகுறி 2-ல் சொன்ன வெந்நீர் வேலையைச் செய்துவிட்டு ஒட்டுங்கள். இன்னொன்று: வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் கவசப் பெட்டியை விட்டுவைத்தால் பசையும் இளகும், தகடும் கோணும்.

## அறிகுறி 7: மேலுடம்பில் இடைவெளி, நேரம் ஆக ஆக இறங்குகிறது

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் கறுப்பு தெரிகிறது, பின்னால் பிட்டத் தகடு வாலைப் போலத் தூக்கிக்கொள்கிறது, பெல்ட் சரிகிறது. எல்லாமே வார் விவகாரம். தகட்டை வெட்டி எந்த இடைவெளியையும் மூட முடியாது.

எடை எங்கே தொங்குகிறது என்று மட்டும் பாருங்கள். எல்லாம் தோளிலிருந்து தொங்க வேண்டும். முதலில் மார்பையும் முதுகையும் தோள்வாரால் உயரத்துக்குக் கட்டுங்கள். வயிற்றுத் தகட்டை மார்பிலிருந்தும், இடுப்புப் பின்தகட்டை முதுகிலிருந்தும், பிட்டத் தகட்டை இடுப்புப் பின்தகட்டிலிருந்தும் தொங்கவிடுங்கள். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் கண்ணாடி முன் நின்று டேப் போட்டு வைத்து, அந்த டேப்பின் நீளத்தைத்தான் வாரின் நீளமாக எடுக்க வேண்டும். நெடுக்கு வாருக்கு நீளாத நைலான், பக்கவாட்டுக்கு எலாஸ்டிக். நெடுக்கிலும் எலாஸ்டிக் போட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் இறங்கிவிடும். பிட்டத் தகடு தூக்கினால், வயிற்றுத் தகட்டின் கீழ்நுனியிலிருந்து கால்களுக்கு இடையே ஒரு எலாஸ்டிக்கைக் கொண்டுபோய் அதில் மாட்டுங்கள்.

பிரஸ் பட்டன் பிடுங்கிக்கொள்கிறதா? பட்டனின் ஓரம் நசுங்கிச் சரியாக மலரவில்லை. சுத்தியலால் அடித்துப் பழகுவதைவிட, வாரையும் பட்டனையும் எடுத்துக்கொண்டு பை தைக்கும் கடைக்குப் போங்கள். அவர்களிடம் அதற்கான கை அழுத்தி இருக்கும், சில நிமிட வேலை. பட்டனைத் தகட்டில் நேரடியாக அடிக்காமல், நைலான் துண்டிலோ உபரி ஏபிஎஸ் துண்டிலோ அடித்து, அந்தத் துண்டைத் தகட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெளியே ஓட்டை தெரியாது, பிடுங்கினாலும் மாற்றலாம்.

## அறிகுறி 8: வெண்கோடு, விரிசல்

வெண்கோடு மட்டும் என்றால் உள்பக்கம் ஒரு ஏபிஎஸ் துண்டை இ6000 போட்டு ஒட்டித் தாங்கல் கொடுங்கள். அந்த இடத்தில் ஏன் இழுபடுகிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு வார் அதிகம் இறுகியிருக்கும்.

விரிசல் ஓடத் தொடங்கிவிட்டால் அதன் நுனியைக் கண்டுபிடித்து அங்கே 2 மி.மீ. துளை போடுங்கள். அதற்கு மேல் ஓடாது. பிறகு ஏபிஎஸ் கலவை: உபரித் துண்டுகளைச் சிறிதாக நறுக்கிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும்படி அசிட்டோன் ஊற்றி ஒரு இரவு மூடி வைத்தால் தோசைமாவுப் பதத்தில் வரும். அடுப்புக்கும் நெருப்புக்கும் தூரமாகச் செய்யுங்கள், சீக்கிரம் பற்றும். உள்பக்கத்திலிருந்து மெல்லியதாகப் பூசுங்கள். ஒரே தடவையில் அப்பினால் அசிட்டோன் தகட்டை இளக்கி முன்பக்கம் பள்ளம் விழும். ஒரு நாள் காயவிட்டு, தேவையென்றால் இரண்டாவது படலம். வெளியே வழிந்ததைக் காய்ந்தபின் உப்புத்தாளால் எடுங்கள்.

விரிசல் மார்புத் தகட்டின் நடுவிலோ ஹெல்மெட் முகப்பிலோ இருந்தால் நீங்கள் பரிசோதித்துப் பார்க்கும் இடம் அதுவல்ல. பம்பருக்குப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவர்களிடம் உபரித் துண்டோடு போய், முதலில் அந்தத் துண்டில் செய்துகாட்டச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் கொடுங்கள். துண்டு துண்டாக உடைந்திருந்தால் புதுப் பாகம் வரவழைப்பதே மலிவு. கிட் செய்பவர்களில் பலரும் வெளிநாட்டில் இருப்பதால், கேட்கும்போதே அனுப்பும் செலவைச் சேர்த்துக் கேளுங்கள்.

## அறிகுறி 9: ஹெல்மெட் ஆடுகிறது, எதுவும் தெரியவில்லை

ஆடினால் கட்டட வேலை ஹெல்மெட்டின் உள்வலையை வாங்கி உள்ளே பொருத்துங்கள், அல்லது நெற்றி, பின்தலை, இரண்டு பக்கம் என நான்கு இடத்தில் ஸ்பாஞ்ச். கண் துளையும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும்படி உயரத்தைத் தீர்மானித்த பிறகே ஒட்டுங்கள்.

காது மூடியைச் சுற்றி இடைவெளி தெரிந்தால் மூடியை ஒரு மயிரிழை வெட்டு, வைத்துப் பார், மறுபடி வெட்டு என்றுதான் போக வேண்டும். குறுக்குவழி இல்லை. அதிகம் வெட்டிவிட்டால் காது மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம்.

கண்ணாடி மூச்சில் புகைந்தால் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டைத் தேய்த்து, உலர்ந்த துணியால் மெருகேற்றுங்கள். சற்று நேரம் தாங்கும். போதவில்லை என்றால் பவர் பேங்கில் ஓடும் 5 வோல்ட் சின்ன விசிறி ஒன்றை வாய்ப்பகுதியில், காற்று வெளியே போகும்படி பொருத்துங்கள். வயரிங் தெரியாவிட்டால் மொபைல் ரிப்பேர் கடையில் சாலிடர் செய்துகொடுப்பார்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் விசிறியைக் கண் மட்டத்துக்கு வைக்காதீர்கள், கண் வறண்டு எரியும். அதோடு, கீழே இருப்பது எதுவும் இந்த ஹெல்மெட்டில் தெரியாது. படி இறங்கும்போதும் சின்னக் குழந்தைகள் ஓடும் கூட்டத்திலும் பக்கத்தில் கவசம் போடாத ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.